கோபத்துக்கு ஓர் ஒத்திகை

ஏமாந்த கணவனைச் சொல்லிச் சிரிக்கும் கதைகளில், மனைவி கெட்டிக்காரி என்பதோடு அவள் பங்கு முடிந்துவிடும். அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. இவளுக்கு வேண்டியிருந்தது ஒரு வேலை. வெளியூர் ஆய்வகத்தில், படித்த படிப்புக்கு உரிய வேலை. அன்று மதியத்துக்குள் தொலைபேசியில் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குக் கணவனின் சம்மதம் தேவைப்பட்டது என்பதே வயிற்றெரிச்சல்.

கணவரோ கோபத்தையே தொழிலாகக் கொண்டவர். வாடிக்கையாளர் சேவை மையத்தில் பயிற்சியாளர். ஆத்திரக்கார வாடிக்கையாளராக நடித்துப் புதியவர்களை அழவைப்பதற்கு மாதச் சம்பளம். அதே சரக்கை வீட்டிலும் இறக்குவார். முதலில் ஒரு கத்தல். பிறகு, அவள் கெஞ்சும்வரை பேச்சு கிடையாது. அந்த மௌனத்துக்கு அஞ்சி அவள் கைவிட்ட ஆசைகள் கொஞ்சமல்ல.

அன்று காலை குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"காப்பியா இது? ம்ஹூம், இன்னும் கொஞ்சம் கனமா... காப்பியா இது!"

துண்டு கொடுக்கப் போனவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

கூடத்தில், விருந்தாளியாக வந்திருந்த அவருடைய அக்கா அமர்ந்திருந்தார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த கணவர்முன் இவள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"காப்பியா இது!" முழங்கிவிட்டு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கோவமா? சரி, நீங்க பேச வேண்டாம்." இவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த வேலைக்கு வரேன்னு சொல்லப் போறேன். கூடாதுன்னா ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன்."

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சாதவளிடம் தானே முதலில் பேசுவதா? அதுவும் அக்காவின் முன்னால்?

"வாயைத் திறந்து சொல்லேண்டா!" என்றார் அக்கா.

"அவரால முடியாது அண்ணி. நான் இன்னும் கெஞ்சலையே."

"அப்ப கெஞ்சித் தொலையேம்மா."

"காப்பி நல்லா இல்லைன்னா கெஞ்சியிருப்பேன். அவர் இன்னும் குடிக்கவேயில்லையே."

அக்கா எட்டிப் பார்த்தார். தம்ளரில் நுரைகூடக் கலையவில்லை.

இவள் தொலைபேசியை எடுத்தாள். "வரேன் சார். வீட்டுலயா? யாரும் வேண்டாம்னு சொல்லலையே."

அவள் பேசி முடித்து வைத்த பிறகுதான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "போகக்கூடாது! சொல்லிட்டேன்!"

"காலைல குளியலறையில இதைவிட நல்லா வந்துச்சுங்க," என்றாள்.

அவள் போனாள். இப்போது அந்த ஆய்வகம் அவள் பொறுப்பில் நடக்கிறது. தனி வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். விடுமுறையில் வருவாள், தோன்றினால்.