செங்கதிர் அணியின் தென்திசைப் படையெடுப்பு

கனத்த வயிறும் கலங்காத நெஞ்சும் உடையவனே, கீழ்த்திசை இல்ஃபோர்ட்டின் காவலனே, நாற்பது கடந்தும் நடுக்களம் நீங்காத நாயகனே, யோகராஜாவே, நீ வாழ்க! லண்டன் மாநகரின் ஈரப் புல்வெளிகள் எல்லாம் உன் சறுக்கலின் தழும்பைச் சுமந்து நிற்க, உன் தென்திசைப் படையெடுப்பைச் சொல்லத் துணிந்தோம்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கோடை. ஊர்ப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் லண்டனில் கிழக்கு, தெற்கு என இரு பிரிவாகப் பந்தடித்த காலம். தன் பிரிவில் நான்கு ஆட்டம் வென்ற அணிக்கே ஆவணிக் கிண்ணத்தின் கதவு திறக்கும். யோகராஜாவின் செங்கதிர் அணிக்கு அது ஒருநாளும் திறந்ததில்லை. இம்முறையும் திறக்காவிட்டால் செங்கதிர் கலைக்கப்பட்டு, ஊரில் தன் பள்ளி நின்ற வீதியின் மறுமுனைப் பள்ளிக்கூடத்து வெண்ணிலா அணியோடு சேர்க்கப்படும். இது ஆட்டங்களை நடத்தும் சங்கத்தின் தீர்ப்பு. வெண்ணிலாவின் தலைவன் இராஜேந்திரன், யோகராஜாவின் மனைவி கலாவதிக்குத் தம்பி.

“அத்தான், எங்கட மஞ்சள் ஜேர்சியில உங்களுக்கு ஒரு எக்ஸ்எல் எடுத்து வைக்கட்டோ?” என்று அவன் ஒரு பிறந்தநாள் விழாவில், கட்லட்டைக் கடித்தபடி, எல்லார் காதிலும் விழக் கேட்டான்.

மிதிபட்ட நாகம் போலச் சீறினான் நாயகன். கிழக்கில் இருந்தவை இருபது வயதுப் புயல்கள். தெற்கிலோ இளைத்த அணிகள்; அவற்றுள்ளும் கடைசி, சங்கம் விருந்தினராகச் சேர்த்துக்கொண்ட, படிக்க வந்து கணக்காளராகவும் பொறியாளராகவும் நிலைத்துவிட்ட, மாடிப்படிக்கே மூச்சிரைக்கும் மலேசியத் தமிழர் அணி. ஆகவே சங்கப் பொதுக்கூட்டத்தில் சிங்கமென எழுந்து, கோல்காப்பாளன் கிறிஸ்துராஜாவின் தமக்கை தெற்கே விம்பிள்டனில் வாழ்வதால் செங்கதிரின் இதயம் தெற்கிலேயே துடிக்கிறது என்று முழங்கினான். இல்ஃபோர்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அது சபையின் கைதட்டலில் மூழ்கியது.

தெற்கே பாய்ந்த செங்கதிர் மூன்று ஆட்டங்களை வென்றது. எஞ்சியது ஒன்றே. மலேசியத் தமிழரோடு, அவர்களின் மைதானத்தில், ஞாயிறு காலை பத்து மணிக்கு.

இங்கே ஒரு மரபைச் சொல்லவேண்டும். எங்கள் அணிகள் பிந்தி வரும் என்று அறிந்த சங்கம், பதினொரு மணி ஆட்டத்துக்குப் பத்து என்று நோட்டீஸ் அடிக்கும். சங்கம் அப்படி அடிக்கும் என்று அறிந்த அணிகள் பதினொன்றரைக்கு வரும். வென்ற மூன்று ஆட்டங்களும் இப்படித்தான் நடந்தன. அவற்றில் எதிரிகளும் எம்மவர்.

எனவே அந்த ஞாயிறு, நோட்டீசைக் காட்டி எச்சரித்த கலாவதியைப் பார்த்துப் புன்னகைத்து, மலையெனக் குவிந்த இடியப்பத்தையும் கடலெனப் பரந்த சொதியையும் வீரன் நிதானமாக வென்றான். பிறகு பதினொரு வீரரும் ஒரே வான் வண்டியில் நெருங்கி ஏறி, தேம்ஸ் நதியைக் கடந்து, வெற்றிக்குப் பின் எங்கே சாப்பிடுவது என்று வாதாடியபடி, ஊழிப்பெருங்காற்றெனத் தென்திசை புகுந்தனர்.

பதினொன்று இருபது. மைதானத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் செல்லப்பன், அவரும் மலேசியத் தமிழர், பத்துக்கு வந்து, விதிப்படி அரைமணி பொறுத்து, விசில் ஊதியிருந்தார். ஐம்பது வயதுக் கணக்காளர் சதாசிவம் எதிரிகளற்ற களத்தில் பந்தை உருட்டிச் சென்று, இருமுறை நின்று மூச்சு வாங்கி, காவலற்ற வலைக்குள் தள்ளியிருந்தார். அவர் வாழ்நாளின் முதல் கோல்; அதோடு ஆட்டம் அவர்களுக்கே என்று முடிந்திருந்தது.

“அண்ணே, வாங்க வாங்க. நான் போட்ட கோலை நீங்க பாக்காம போயிட்டீங்களே,” என்று அவர் உண்மையான வருத்தத்தோடு யோகராஜாவின் கையைப் பிடித்தார்.

நாயகன் வானத்தை நோக்கினான். பின் செல்லப்பனை நோக்கி, உலகின் அடித்தளமே பெயர்ந்தவனாகக் கேட்டான்.

“பத்து எண்டால் பதினொண்டரை எண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“பத்துன்னு போட்டா பத்துதான் லா.”

மேகங்கள் கறுத்தன. வான் கதவு ஒன்று தானாகச் சாத்திக்கொண்டது. செங்கதிர் அஸ்தமித்தது.

யோகராஜா தெருமுனை போன் பெட்டிக்குள் போய், எக்ஸ்எல் இறுக்கும், அடுத்த சைஸ் எடுத்து வை என்று மச்சான் இராஜேந்திரனிடம் சொன்னார்.