பாதிச் சறுக்கில் ஒரு தலைவி

என்னிடம் யாராவது "இது நடக்காது" என்று சொல்லிவிட்டால் போதும், அதை நடத்திக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தால் நிறையச் சேதங்கள். அவற்றில் கல்வி ஆபீசர் முன்னிலையில் நடந்தது ஒன்றுதான்.

மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது நான் படித்த ஆரம்பப் பள்ளிக்கூடம். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் டை கட்டிக்கொண்டு வேனில் ஏறித் தூரத்துப் பள்ளிகளுக்குப் போய்விட, இங்கே மிஞ்சியது பதினொரு பேர். அந்த ஜூனில் ஆள் சேராவிட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியை சரோஜா டீச்சர் போனில் சொன்னார். "பழைய பிள்ளைகளெல்லாம் சேர்ந்து என்னமும் செய்யப் பாருங்க. ஆனா நடக்கும்னு எனக்குத் தோணல்ல" என்றார். (அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

கூடப் படித்தவர்களைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். நானே தலைவி. (போட்டிக்கு யாரும் வரவில்லை.) சுவருக்கு வெள்ளையடித்தோம். கக்கூஸுக்குக் கதவு போட்டோம். அதோடு நின்றிருக்கலாம். வேன் பள்ளிகளில் சறுக்கு இருக்கிறதாம், நம் பள்ளியிலும் வேண்டும் என்று நான்தான் கிளப்பினேன்.

எங்கள் வகுப்புத் தங்கராஜ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். சும்மாவே செய்து தருகிறேன் என்றான். நான் தாலுகா ஆபீஸில் கிளார்க். ஆனாலும் அன்று எனக்குள் ஒரு இன்ஜினியர் புகுந்துவிட்டார்.

"மேல அகலமா இருக்கட்டு. கீழ வர வர ஒடுக்கு. அப்பத்தான் பிள்ளைகளுக்க வேகம் குறையும். ரெண்டு பக்கமும் தகரம் உயரமா நிக்கணும்."

"ஏட்டி லீலா, அப்பிடி ஒருத்தனும் செய்யமாட்டான்."

ஒருத்தனும் செய்யமாட்டான் என்று சொன்ன பிறகு எனக்கு வேறு வழி ஏது?

திறப்பு விழாவன்று சேர்க்கை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சரோஜா டீச்சர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அம்மாமார் பிள்ளைகளோடு சறுக்கைச் சுற்றி நின்றார்கள். சுனிதா என்றொரு பெண், தன் ஐந்து வயது மகளை இறுக்கிப் பிடித்தபடி, "இது ஆடுதே. பிள்ளைய ஏத்த எனக்குப் பேடியாட்டு இருக்கு" என்று பயந்தாள். மற்றவர்களும் இரண்டடி பின்னால் போனார்கள்.

"ஒண்ணும் ஆகாது. நானே ஏறிக் காட்டுதேன்" என்றேன்.

தங்கராஜ் ஓடிவந்தான். "வேண்டாம், சொன்னா கேளு."

"ஏன், தாங்காதா?"

"தாங்கும். அது இல்ல..." என்று இழுத்தான். (என் இடுப்பளவைப் பற்றி அத்தனை பேர் முன்னால் எப்படிப் பேசுவது என்று கூச்சமாம். பிறகு சொன்னான்.)

அரக்குப் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். உட்கார்ந்தேன். "பாத்துக்கிடுங்க!" என்று சொல்லிக் கையை விட்டேன். பட்டு நன்றாகத்தான் வழுக்கியது. பாதி தூரத்தில் என் இன்ஜினியரிங் வேலை செய்தது. ஆணி அடித்ததுபோல நின்றேன். அசைந்து பார்த்தேன். இரண்டு விரற்கடை இறங்கி, இன்னும் இறுகிப்போனேன்.

"டீச்சர், அந்த மாமி ஏன் வரல்ல?" என்றது ஒரு பிஞ்சுக் குரல்.

காலைப் பிடித்து இழுத்தார்கள். மேலிருந்து தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். சரோஜா டீச்சர் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். எண்ணெய் கீழே போனது, நான் போகவில்லை. வெயிலில் தகரம் தோசைக்கல்லாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கல்வி ஆபீசரின் ஜீப் வந்து நின்றது.

அழுதுவிடலாம் போலிருந்தது. ஆனால் விழா கலைந்தால் அம்மாமாரும் கலைந்துவிடுவார்கள், நோட்டு காலியாகவே கிடக்கும். இருந்த இடத்திலிருந்தே கைகூப்பி, "வணக்கம் சார், வாங்க" என்றேன். எந்தப் பக்கம் பார்த்து வணங்குவது என்று தெரியாமல் அவரும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். மைக்கை வாங்கி, எழுதி மனப்பாடம் செய்திருந்த வரவேற்புரையை ஒரு வரிகூட விடாமல் பேசினேன். அதில் இப்படியும் ஒரு வரி இருந்தது: "என்ன நேர்ந்தாலும் இந்தப் பள்ளியை விட்டு நாங்கள் ஓர் அடிகூட நகரமாட்டோம்!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆபீசர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குள் தங்கராஜ் பட்டறைக்கு ஓடிக் கட்டிங் மெஷினோடு வந்துவிட்டான். நனைத்த சாக்கை என்மேல் போர்த்தினான். "இளகாம கிட" என்றான். (அசையத்தானே முடியவில்லை!) தீப்பொறி பறந்தது. சேலையில் மூன்று ஓட்டை. ஒரு பக்கத் தகரம் வாயைப் பிளந்ததும், எண்ணெயும் பட்டும் சேர்ந்து என்னைக் கொண்டுபோய் ஆபீசரின் செருப்புக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்த்திவிட்டன.

பிறகு சுனிதா சறுக்கின் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "அக்காளையே தாங்கிட்டுல்லா? அப்பம் பிள்ளைக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு மகளோடு வராந்தாவுக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசையே நின்றது. மணலில் உட்கார்ந்தபடி நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு பெயர் ஏறியது.

பள்ளிக்கூடத்தை யாரோடும் சேர்க்கவில்லை. சறுக்கைத் தங்கராஜ் நேராக, அகலமாகத் திருப்பிச் செய்தான். என்னிடம் யோசனை கேட்கவில்லை.

அந்த வீடியோ குவைத், மஸ்கட் என்று சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. இன்றைக்கும் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் நான் மூன்றாவதாக இடம் கேட்டால், என் மகள் செல்போனைக் கையில் எடுத்துவிடுவாள்.

"அம்மா, தங்கராஜ் மாமாவ இப்பமே வரச் சொல்லட்டா, இல்ல உக்காந்த பெறவா?"