பிளைவுட் சுவரின் வழியே கேட்ட டிரெய்லர் குறித்து

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய பக்கத்து போர்ஷன் திரு. லிங்கராஜ் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும், உங்கள் கம்ப்யூட்டரும், அதன் இரண்டு ஸ்பீக்கர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்பீக்கர்களின் நலத்தை நான் தினமும் அறிந்துகொண்டுதான் இருக்கிறேன். நாம் சந்தித்ததில்லை. உங்கள் பெயரை, தவறுதலாக என் வாசலில் வைக்கப்பட்ட ஒரு கூரியர் உறையிலிருந்து தெரிந்துகொண்டேன். நீங்கள் தமிழர் என்பதை, கம்ப்யூட்டர் நின்றுபோகும்போதெல்லாம் அதைப் பார்த்து "சவத்த மூதி, மறுபடியும் தொங்கிட்டியாலே!" என்று சொல்வதிலிருந்து தெரிந்துகொண்டேன். நான் தென்காசிக்காரி. இந்த ஊரில் இவ்வளவு சுத்தமான ஒரு திட்டு என் காதில் விழுந்து வெகுநாளாகிறது. ஆனால் இது பாராட்டுக் கடிதம் அல்ல, புகார். கதவைத் தட்டியே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கதவைத் தட்டக்கூடியவளாக இருந்தால் நான் இந்த ஊரில் வேறு மாதிரி இருந்திருப்பேன்.

வீட்டுக்காரர் சுசீலாபாய் ஆன்ட்டி நமக்கு நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொல்லித்தான் உங்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பார். அது பிளைவுட். வெள்ளை பெயின்ட் அடித்து, நம்பிக்கை வருவதற்காக என் பக்கம் ஒரு காலண்டரும் மாட்டியிருக்கிறார். எட்டு மாதம் முன்பு வரை மாடி முழுவதும் ஒரே ஹால். நானும் ரெஷ்மா என்ற தோழியும் இருந்தோம். அவள் கல்யாணமாகிக் கோழிக்கோடு போனதும், ஆன்ட்டி ஒரு தச்சரை அழைத்து வந்து ஒரே நாளில் ஹாலை இரண்டாக்கிவிட்டார். ரெஷ்மாவின் கட்டில் கிடந்த இடத்தில்தான் உங்கள் ஸ்பீக்கர் இருக்க வேண்டும். நான் நாகர்கோவில் பதிப்பகம் ஒன்றுக்காகப் பள்ளி வழிகாட்டி நூல்களுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். வேலை மெயிலில் வரும், மெயிலில் போகும். சில நாட்கள் காலையிலிருந்து இரவு வரை நான் பேசுவது, பால் வாங்கும்போது சொல்லும் "ஒரு கவர்" மட்டும்தான். இந்த வேலைக்கு அமைதி அவசியம். அமைதி என்னிடம் ஏராளமாக இருந்தது. ஏழு வாரத்துக்கு முன்பு நீங்கள் குடிவந்தீர்கள்.

முதல் நாள் ஒரு கனத்த குரல் "ஈ மண்ணில்... ஒரு குடும்பம்..." என்று மலையாளத்தில் தொடங்கியது. என் மேசையில் பேனா உருண்டது. பின்னாலேயே முரசுகள். ஏதோ ராஜா கதை என்று நினைத்து, புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தேன். திடீரென்று எல்லாம் நின்று, ஓர் ஆடு கத்தியது. பெரிய படம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து கடைசி அடியில் வழுக்கி விழுவதுதான் நகைச்சுவை டிரெய்லரின் முதல் தந்திரம் என்று பிறகு புரிந்தது. அன்று புரியவில்லை. மறுநாள் காலை பதினொன்று பத்துக்கு ஒரு பெண் "அய்யோ, என்னெ கொல்லுன்னே!" என்று அலறினாள். அதே அலறல், அதே நீளத்தில், திரும்பத் திரும்ப. ஏழாவது அலறலுக்கு நான் கீழே ஓடினேன். மத்தி மீன் அறுத்துக்கொண்டிருந்த ஆன்ட்டி, கையிலிருந்த கத்தியோடே மாடியேறி உங்கள் கதவில் அடித்தார். "ஏய், ஆருடே உள்ள? கதவத் தொறடே!" நீங்கள் திறந்து, "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, டிரெய்லர் வெட்டுதேன்" என்றீர்கள். ஆன்ட்டி கத்தியைத் தாழ்த்தாமலே, "நீ எதையும் வெட்டு, அந்தப் பொம்பளய விட்டுரு" என்றார். நான் படிக்கட்டு வளைவில் நின்றேன். உங்கள் கையும் ஒரு டீ கிளாஸும் மட்டும் தெரிந்தன.

அன்றிலிருந்து, விருப்பமில்லாமலே, படங்களுக்கு டிரெய்லர் வெட்டும் உங்கள் தொழிலை நான் காதால் கற்றுக்கொண்டேன். படத்தை ஒரு நொடிகூடப் பார்த்ததில்லை. நடுவில் வரும் ஒரு "க்ரீச்" ஏதோ ஸ்கூட்டரின் பிரேக்கா, ஆட்டின் இரண்டாவது கருத்தா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சிரிப்பு வர வேண்டிய இடத்துக்கு முன்னால் நீங்கள் பாட்டை அறுத்து ஒரு சின்ன மௌனம் வைக்கிறீர்கள் என்பது தெரியும். கன்னத்தில் ஓர் அறை, கதவு, தும்மல் என்று மூன்றையும் தாளத்தில் அடுக்கி, நாலாவதை மட்டும் வேண்டுமென்றே தாமதமாக விடுவீர்கள். நடுவில் நாலு நொடிக்கு ஒரு வயலின் வந்து அழும். படத்துக்குள் ஏதோ கதையும் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக அது என்று நினைக்கிறேன். எல்லாம் முடிந்து படத்தின் பெயர் வந்து ஆட்கள் எழுந்திருக்கப் பார்க்கும்போது கடைசியாக ஒன்றைத் தூக்கிப் போடுவீர்கள். அதுவும் பெரும்பாலும் ஆடுதான்.

என் புகார் உண்மையில் அந்தப் படத்தில் வரும் ஓர் அம்மாவிடமிருந்து தொடங்குகிறது. வந்த முதல் வாரம், வெட்டுவதற்கு முன்பு, நீங்கள் அந்தக் காட்சியை முழுசாக ஓடவிட்டீர்கள். ஓர் அம்மா, வேறு ஏதோ ஊரில் தனியாக இருக்கும் மகனுக்குப் போன் செய்கிறாள். "மோனே, ஊணு கழிச்சோ?" சாப்பிட்டாயா என்கிறாள். அவன் "கழிச்சு, அம்மச்சி" என்கிறான், சாப்பிட்டேன் அம்மா என்று. பாட்டு இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது, நெடுநேரம். பிறகு அவள், பொய் சொல்லாதே என்று, மெதுவாகச் சொல்கிறாள்: "நுண பறயண்ட, மோனே." நான் மெய்ப்பை மேசையில் வைத்துவிட்டேன். மறுநாள் நீங்கள் மின்விசிறியை எடுத்துவிட்டீர்கள். "கழிச்சு, அம்மச்சி" என்றதும் ஒரு மௌனம், பிறகு ஒரு பாத்திரம் விழும். அவளுடைய கடைசி வாக்கியத்தைக் காணவில்லை. அழ வேண்டிய இடத்தில் பாத்திரத்தைப் போட்டு அதை ஜோக்காக்கிவிட்டீர்கள்! கோபப்பட்டேன். மூன்று நாள் நீங்கள் உருளியைப் போட்டுப் பார்த்தீர்கள், அண்டாவைப் போட்டுப் பார்த்தீர்கள், கடைசியில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டு உருண்டு நின்றது. அந்த டம்ளர் சரி. அண்டா விழுந்தால் சத்தம்தான். டம்ளர் உருண்டால், அது நிற்கும்வரை ஆள் காத்திருக்கிறான். மின்விசிறி செய்ததையே அது வேறு வழியில் செய்தது. உங்களை மன்னித்தேன்.

ஆனால் அதன் விளைவுகளை நீங்கள் அறிய வேண்டும். அந்த அம்மா ஒரு நாளைக்கு நாற்பது முறை சாப்பிட்டாயா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பார்கள். மற்ற ஆறு நாளும் உங்கள் ஸ்பீக்கர் கேட்டது. இரண்டாவது வாரத்தில் நான் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். காலை பத்து மணிக்கு "இன்னும் இல்லை." பன்னிரண்டுக்கு "இதோ, சோறு வைக்கணும்." மூன்றாவது வாரத்தில் அந்தக் குரல் கேட்டால்தான் அடுப்பைப் பற்றவைப்பது என்றாகிவிட்டது. நாலாவது வாரத்தில் பதிப்பகத்து ராஜையன் அண்ணாச்சி போன் செய்தார். "பிள்ளே, ஏழாம் கிளாஸ் அறிவியல்ல ஒரு சந்தேகம். பாலைவனத் தாவரம் எதுன்னு கேட்டிருக்கு. கள்ளி, தாமரை, அல்லி. சரி. நாலாவதா 'கழிச்சு அம்மச்சி'ன்னு இருக்கே, அது என்ன செடி?" நான் அவசரமாக என் பிரதியைப் புரட்டினேன். "கேரளத்துச் செடியா இருக்கும்னு நெனச்சு அப்படியே விடப் பாத்தேன் பிள்ளே" என்றார் அண்ணாச்சி. நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை. ஏழு வருட மெய்ப்பில் என் முதல் பிழை அது. காரணம் நீங்கள்.

நேற்று முன்தினம், புதன்கிழமை, உங்கள் தயாரிப்பாளர் வந்தார். அவர் குரலுக்குப் பிளைவுட் ஒரு பொருட்டே இல்லை. "லிங்கூ, ஆ அம்மச்சியெ அங்ஙு களயு. லேக் ஆணு. பகரம் ஆட்டினெ ஒண்ணுகூடி இடு" என்றார். இழுவையாக இருக்கிறதாம், அம்மாவைத் தூக்கிவிட்டு ஆட்டை இன்னொரு முறை போடச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று காலண்டரில் காதை வைத்துக் கேட்டேன். "சரி சார்" என்றீர்கள். ஒரு சவத்த மூதியாவது சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டரிடம் காட்டும் வீரம் தயாரிப்பாளரிடம் இல்லையே! அதன்பின் அன்று முழுவதும் ஆடுதான். நான் மாலை நாலரைக்குத்தான் அன்று சாப்பிடவில்லை என்று கவனித்தேன். நேற்றும் அப்படியே.

இப்போது நிலைமை இது. நேற்றுச் சாயங்காலம் ஆன்ட்டி என்னைப் படியில் பிடித்துக்கொண்டார். "மோளே, அந்தப் பயலுக்க சத்தத்தப் பத்தி ஒரு பராதி எழுதித் தா. சனிக்கிழமைக்குள்ள வேணும் கேட்டியா. பின்ன நான் பாத்துக்கிடுதேன். எனக்க அக்கா மொவன் சிபிக்கு ரூம் வேணும். சும்மா எறங்குன்னு சொல்ல முடியுமா? எழுத்துல வேணும்லா." சிபி சத்தமே போடாதவனாம். நாள் முழுக்கக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போட்டித் தேர்வுக்குப் படிக்கிறானாம். மூச்சு விடுவதுகூடத் தெரியாதாம். நாளை நான் இந்தக் கடிதத்தின் நகலைக் கொடுத்தால் அந்தப் பக்கம் மறுபடி அமைதி வந்துவிடும்.

ஆகவே இதை முறையான அறிவிப்பாகக் கொள்ளவும். இனி ஹெட்போன் போட்டுக்கொண்டு வேலை செய்யவும். தவறினால் நகல் ஆன்ட்டியிடம் போகும். போகிற போக்கில் ஒரு யோசனை, கேட்காமல் சொல்கிறேன். படத்தின் பெயருக்குப் பின் வரும் ஆட்டை எடுத்துவிடுங்கள். திரை இருட்டாக இருக்கட்டும், மின்விசிறி இரண்டு சுற்று சுற்றட்டும், அந்த அம்மாவின் கடைசி வாக்கியம் மட்டும் வரட்டும். தியேட்டர் சிரிக்கும். எங்கோ ஓர் அறையில் தனியாக இருக்கும் யாரோ ஒருவர் மட்டும் சிரிக்க மாட்டார். டிக்கெட் வாங்கப் போகிறவர் அவர்தான்.

உங்கள் வேலை சிறக்கவும், படம் ஓடவும், அந்த ஆடு நோய்நொடியின்றி நீண்டகாலம் வாழவும் மனமார வேண்டிக்கொள்ளும்,

மாளவிகா,
பிளைவுட்டின் இந்தப் பக்கம்.

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி மேலே வந்து என் வாசலில் நின்றார். "எழுதியாச்சா மோளே?" கடிதத்தைப் பாடநூலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இல்ல ஆன்ட்டி. எனக்கு அங்கேயிருந்து ஒரு சத்தமும் கேக்கல்ல" என்றேன். சரியாக அப்போது உங்கள் பக்கமிருந்து, புதன்கிழமை தூக்கி எறியப்பட்ட அந்த அம்மா, "மோனே, ஊணு கழிச்சோ?" என்றாள். தயாரிப்பாளருக்குத் தெரியாமல் நீங்கள் அவளைத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறீர்கள். "கழிச்சு, அம்மச்சி." டம்ளர் விழுந்து உருண்டது. அது நிற்கும்வரை நானும் ஆன்ட்டியும் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். நின்றதும் ஆன்ட்டி என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நுண பறயண்ட, மோளே" என்றார். பிறகு என் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. "கீழ வா, மத்திக்கறி இருக்கு. சிபிக்கு வேற எடம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனவே ஹெட்போன் வேண்டாம். தொழில் முறையில் ஒரு திருத்தம்: கடிதத்தின் தொடக்கத்தில் "நான் நலம்" என்றிருப்பதை "கழிச்சு, அம்மச்சி" என்று மாற்றி வாசிக்கவும். இன்று மூன்று நாற்பதுக்கு, ஆன்ட்டி இறங்கிப் போனதும், சுவரின் இந்தப் பக்கமிருந்து என் சிரிப்புச் சத்தம், கொஞ்சம் நீளமாகவே, கேட்டிருக்கும். உங்கள் வேலைக்கு இடையூறாக இருந்திருந்தால் மன்னிக்கவும்.