எஞ்சினுக்குச் சொட்டு நீர்

என் பொறியியல் பட்டத்தை நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு பயன்படுத்த யாரும் என்னை விடவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி எங்கள் ஊர். அங்கே எங்களிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. அண்ணன் செந்திலின் நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, முன் சீட்டின் காலடியில் விரிப்பு ஈரமாகத் தொடங்கியது. முகர்ந்தால் லேசாகத் தித்திப்பு வாசனை. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக ஹீட்டருக்குப் போய், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். அந்த ஹீட்டரில்தான் ஓட்டை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், பத்து நாளாகும் என்றார்கள்.

பெருமாட்டி வெயிலில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? போகிற குழாயையும் வருகிற குழாயையும் நேராக இணைத்துவிட்டால் தீர்ந்தது. யோசனையில் தப்பில்லை, மெக்கானிக்குகளும் செய்வதுதான். அவர்கள் பித்தளைக் குழாய்த் துண்டை வைத்து இணைப்பார்கள். என் கைக்குக் கிடைத்தது, தென்னந்தோப்பில் சொட்டு நீர்ப் பாசனம் போட்டபோது மிஞ்சிய கறுப்பு பிளாஸ்டிக் ஜாயின்ட். அதுவும் பதினாறு மில்லிமீட்டர், கார் குழாயும் பதினாறு. கச்சிதமாகப் பொருந்தியது. (கச்சிதமாகப் பொருந்துவதெல்லாம் சரியானதுதான் என்று நம்பும் வயது அது.)

"அம்மிணி, வாடகைக்கு ஒரு வண்டி புடிச்சுக்கலாம். எதுக்கு இந்த வம்பு?" என்றான் அண்ணன்.

"தெர்மோடைனமிக்ஸ்ல நான் முதல் வகுப்பு" என்றேன்.

"புள்ள நாலு வருசம் படிச்சிருக்குதில்ல, உடு" என்றார் அப்பா. அவருக்கு என் பட்டத்தின் மேல் என்னைவிட நம்பிக்கை அதிகம்.

கிளாம்பை முறுக்கி, வாசலில் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. படம் எடுத்து வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். பார்த்தவர்களில் என்னோடு படித்த ஒருத்தி மட்டும் 'இது என்னடி?' என்று கேட்டிருந்தாள். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான்கு பேரும் கிளம்பினோம். பெண் வீடு மூணாறைத் தாண்டி பள்ளிவாசல் என்ற ஊரில். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். உடுமலை வரை வண்டி தேர் போலப் போனது. மறையூரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், "சூடு காட்டற முள்ளு ஏறுது அம்மிணி" என்றான் அண்ணன்.

"ஏத்தத்துல ஏறத்தான் செய்யும்" என்றேன், நிபுணர் குரலில்.

இன்னும் இரண்டு வளைவு போயிருப்போம். 'டப்' என்று ஒரு சத்தம். பானெட்டின் நாலா பக்கமும் வெள்ளை ஆவி. திறந்து பார்த்தால், என் ஜாயின்ட் வெயிலில் வைத்த கமர்கட்டு போலக் குழைந்து, ஒரு குழாய் கழன்று தொங்கியது. தோட்டத்துத் தண்ணீருக்காகச் செய்த பிளாஸ்டிக், கொதிக்கிற தண்ணீரை அழுத்தத்தோடு தாங்காது என்பதைத் தெரிந்துகொள்ள முதல் வகுப்பு தேவையில்லை. எட்டாம் வகுப்பு போதும்.

சூடு தணிந்ததும் குழாயைத் திரும்பச் செருகி, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினேன். ஒரு வளைவு தாங்கியது. மறுபடியும் செருகினேன். ஊற்றத் தண்ணீர் இல்லை. பின்னால், பெண் வீட்டுக்குக் கொண்டுபோன இளநீர்க் குலை இருந்தது. அப்பா பட்டு வேட்டியோடு சாலையோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சீவ, நான் ஊற்றினேன். எட்டு இளநீர். இன்னும் இரண்டு வளைவு. பிறகு எஞ்சினிலிருந்து பாகு காய்ச்சும் வாசனை வந்தது, வண்டி நின்றுவிட்டது.

அம்மா இந்த வளைவுகளிலேயே வாந்தி எடுத்துக் களைத்து, தள்ளிப் போய் ஒரு பாறையில் கையில் எலுமிச்சம்பழத்தோடு சாய்ந்திருந்தாள். அடுத்து நடந்த காட்சியில் அவள் இல்லாதது பின்னால் பெரிய வினையானது.

அண்ணன் தலையிலடித்துக்கொண்டு பெண் வீட்டுக்கு போன் செய்தான். ஒரு மணி நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கியவர் பெண்ணின் அப்பாவேதான். முத்தையா மாமா, தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆவிக் குழாய்களோடு முப்பது வருடம் பழகியவர். புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு பானெட்டுக்குள் குனிந்தார். ஜாயின்ட்டை இரண்டு விரலால் எடுத்து, செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"யாரு இந்த வேலையப் பாத்தது?"

அண்ணன் மலையைப் பார்த்தான். நான் பள்ளத்தைப் பார்த்தேன். வாழ்நாளில் பொய் சொல்லாத என் அப்பா, கல்யாணமாகாத மகளின் மானம் காக்க முதல் பொய்யைச் சொன்னார்.

"அது வந்துங்க... கொல்லங்கோட்டுல மணின்னு ஒரு மெக்கானிக்குங்க."

"மெக்கானிக்கா அவென்? சொட்டு நீர்க் குழாய எஞ்சின்ல மாட்டிருக்கானே, உள்ள என்ன வாழையா நட்டுருக்கான்? நாலு உசுரு வர்ற வண்டி! அந்தப் பய நம்பரக் குடுங்க சம்பந்தி, இப்பவே கேக்குறேன்."

"ஞாயித்துக்கெழம போன் எடுக்க மாட்டானுங்க மாமா" என்றேன் நான் அவசரமாக.

"எப்படி எடுப்பான்?"

தன் கருவிப் பெட்டியில் இருந்த பித்தளைத் துண்டை அவர் பொருத்திய கால் மணி நேரமும் மணிக்கு அர்ச்சனை நடந்தது. ஒவ்வொரு வசவுக்கும் "ஆமாங்க மாமா" என்றேன். ஆமாம் மட்டும் போதாது என்று தோன்ற, "அவனுக்குக் கொஞ்சங்கூட பொறுப்பில்லீங்க. குடிப்பான்னு வேற சொல்றாங்க" என்று நானும் சேர்த்துக்கொண்டேன்.

தண்ணீர் ஊற்றிக் கிளப்ப, எஞ்சின் எப்படியோ உயிர் பிழைத்தது. பதினொன்றரைக்குப் பள்ளிவாசல் போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருக்க, மாமா மணியின் கதையை வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் மணி இன்னும் கெட்டவனானான். நான்காம் முறை சொல்லும்போது, பெண்ணின் அத்தை ஒருவர் மரியாதைக்காக அம்மாவிடம், "உங்க மக என்ன படிச்சிருக்கா?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு அப்போதுதான் தெம்பு வந்திருந்தது. ஊர் கேட்கும் குரலில் சொன்னாள்.

"மெக்கானிக்கல் இஞ்சினீருங்க. ஊட்ல மிக்சி, மோட்டாரு எல்லாம் அவதானுங்க பாத்துக்குவா. ஏன், இப்ப வந்த இந்தக் காரையே அவதானுங்க சரி பண்ணுனா. வேற ஒரு ஆளத் தொட உடலீங்க!"

கூடத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்க்க முயன்றார். (பள்ளிவாசல் வீடுகளில் ஏது மின்விசிறி? வெறும் கூரையைப் பார்த்தார்.) அண்ணனின் முகம் வெளுத்தது. கல்யாணமே கலையப்போகிறது, என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப மணி?" என்றார் மாமா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னையே பார்த்தார்.

"பொய் சொன்னதுகூட போகட்டும் சம்பந்தி. நான் அந்த வைவு வைதேன். இந்தப் பிள்ள எங்கூட சேந்துக்கிட்டு வைதுச்சே! குடிப்பான்னு வேற சொல்லுச்சே!"

உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பூ வைத்துக்கொண்டிருந்த பெண்ணின் சிரிப்பு. அதைக் கேட்டு அத்தை சிரித்தார், பிறகு கூடமே சிரித்தது. கடைசியாகத்தான் மாமா சிரித்தார். "தட்டை மாத்துங்கய்யா, எமகண்டம் வருது" என்றார். பத்து நிமிடம் மிச்சமிருந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மேடையேறி வாழ்த்த வந்த முத்தையா மாமா, என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார்: "மாப்ளே, மணி விசயமெல்லாம் உங்ககிட்ட சொல்லிட்டாகள்ல? ஒண்ணும் மனசுல வச்சுக்காதீக. அது பழைய கத." சொல்லிவிட்டு நிம்மதியாகப் பந்திக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது. மேடையை விட்டு இறங்கும்வரை என்னால் ஒரு வார்த்தை விளக்க முடியவில்லை.

இன்றும் எங்கள் மகள் ஆல்பத்தைப் புரட்டும்போது, "இந்த போட்டோவுலருந்து அப்பா ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்காரு?" என்று கேட்பாள். அண்ணி பக்கத்திலிருந்தால் நான் வாய் திறப்பதற்குள் பதில் வந்துவிடும்.

"அப்பதான் கண்ணு உங்கப்பாவுக்கு மணியப் பத்தித் தெரிஞ்சுது."