ஏகமனதாக நிறைவேறிய கடவுச்சொல்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது எது என்று ஆம்பூர் பாலாற்றங்கரை நகரில் யாரைக் கேட்டாலும், நகர் நலச்சங்கத்தின் இணையதளம் என்றுதான் சொல்வார்கள். சொல்லாதவர்களைச் சங்கச் செயலாளர் பரந்தாமன் வீடு தேடிப் போய்ச் சொல்லவைத்துவிடுவார். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் அவர். அத்தனை வருடமும் கோப்புகளை நாடா போட்டுக் கட்டி பீரோவில் பூட்டிய அந்த மனிதர், இப்போது 'வெளிப்படைத்தன்மை'க்காக உயிரையும் விடத் தயாராக இருந்தார்.

தளத்தை இலவசமாக எழுதிக் கொடுத்தவன் கௌதம். வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன். "இது ஓப்பன் சோர்ஸ் சார். கோட் மொத்தமும் திறந்து கிடக்கும். யார் வேணா பார்க்கலாம், தப்பு இருந்தா சொல்லலாம்" என்று அவன் விளக்கியபோது பரந்தாமனுக்குப் புல்லரித்தது. எவ்வளவு புரிந்தது என்பது வேறு விஷயம்.

தளத்தில் ஒரு புகார்ப் பெட்டி உண்டு. 'உங்கள் பெயரும் எண்ணும் வெளியே தெரியாது' என்று கௌதம் அதன் மேலே ஒரு வரி போட்டிருந்தான். அதை நம்பி ஒருநாள் ஒரு புகார் வந்தது.

'மழை வந்தா போதும், தோல் கம்பெனிக்காரங்க கழிவுத் தண்ணிய மூணாவது தெரு கால்வாய்ல திறந்து வுட்றாங்க. எங்க போர்ல தண்ணி டீ டிகாஷன் கலர்ல வருது. புள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி. போட்டோ போட்டிருக்கேன்.'

போட்டோ பளிச்சென்று இருந்தது. ஊரே பார்த்தது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம் கூடியது. இடம், மெட்ரிக் பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பறை. உறுப்பினர்கள் குட்டி நாற்காலிகளில், முழங்கால் மோவாயில் இடிக்க, கம்பீரமாக வீற்றிருந்தார்கள். சங்கத் தலைவர் முத்துக்குமாருக்கு மட்டும் டீச்சர் நாற்காலி. அவர் அதே தோல் கம்பெனியில் ஆள் எடுக்கவும் நிறுத்தவும் அதிகாரமுள்ள பர்சனல் மேனேஜர். அதைச் சுட்டிக்காட்டுவது நாகரிகமல்ல என்பதால் யாரும் சுட்டிக்காட்டவில்லை.

முத்துக்குமார் தொண்டையைச் செருமினார். "புகார் வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம்தான் கௌதம். எல்லாம் ஓப்பன்னு சொல்ற. எழுதினவங்க பேரை மட்டும் இன்னாத்துக்கு மூடி வெச்சிருக்க?"

"கோட்தான் சார் ஓப்பன். மனுஷங்க விவரம் கிடையாது."

"அப்போ பாதி ஓப்பனா?"

"வீட்டு பிளானை யாருக்கு வேணா காட்டலாம் சார். அதுக்காகச் சாவியையும் கொடுத்துட முடியுமா?"

பரந்தாமனுக்கு ஒரு கணம் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் 'பாதி' அவர் மனதை உறுத்தியது. அரைகுறை வெளிப்படைத்தன்மைக்கா இத்தனை பாடுபட்டார்?

"தம்பி, ஒளிவுமறைவே இல்லன்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டிருக்கோமே" என்றார் வருத்தத்தோடு.

"சார், அந்தம்மா அதே கம்பெனிலதான் வேலை செய்றாங்க. பேர் தெரிஞ்சா வேலை போய்டும்!" சொன்ன பிறகுதான் கௌதம் நாக்கைக் கடித்துக்கொண்டான். முத்துக்குமார் டைரியைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"சேச்சே, பேரெல்லாம் நமக்கு வேணாம்" என்றார் பெருந்தன்மையாக. "ஆனா பாஸ்வேர்டு ஒரே ஆள் கையில இருக்கிறது சரியா? அது சர்வாதிகாரம் இல்லையா?"

சர்வாதிகாரம் உடனடியாக ஒழிக்கப்பட்டது. வெளிப்படைத்தன்மை உபகுழு, பாதுகாப்பு உபகுழு என இரண்டு குழுக்கள் உதயமாயின. இரண்டும் ஒன்றை ஒன்று கண்காணிக்கும். இரண்டுக்கும் தலைவர் முத்துக்குமார். பாஸ்வேர்டு இனி செயலாளர் பொறுப்பில் இருக்கும் என்றும் முடிவானது. இவ்வளவு முக்கியமான ஒன்றைத் தனியொருவராகத் தீர்மானிப்பது முறையல்ல என்று பரந்தாமன் புது பாஸ்வேர்டு என்ன என்பதைச் சபை முன் வைத்தார்.

செருப்புக்கடை நயீம் அகமது மட்டும் நெளிந்தார். "பாஸ்வேர்டை இப்டி சத்தம் போட்டு பேசலாமா சார்?"

"ரகசியமா பேசினா அதுக்குப் பேர் வெளிப்படைத்தன்மையா பாய்?" என்று மடக்கினார் பரந்தாமன். நாற்பது நிமிட விவாதத்துக்குப் பின் 'பாலாறுவாழ்க3' ஏகமனதாக நிறைவேறியது. தீர்மானம் எண் நான்கு. பதினோரு பேர் கையெழுத்திட்டார்கள். கூட்டக் குறிப்பை அன்றே தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. மாலை ஆறு மணிக்குப் பரந்தாமன் ஒரு எழுத்து விடாமல் ஏற்றிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

ஆறே முக்காலுக்கு கௌதம் போனில் அலறினான். "சார், பாஸ்வேர்டையா ஏத்தி வெச்சிருக்கீங்க? முதல்ல எடுங்க!"

"பதறாத தம்பி. தீர்மானத்தைத் திருத்தணும்னா அடுத்த கூட்டத்துலதான் முடியும்."

கடைசியில் கௌதம் அந்தப் பாஸ்வேர்டாலேயே உள்ளே போய் அதை மாற்றினான். அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அதே கம்பெனியின் ஷூ யூனிட் வாசலில் மெர்சியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பதினோரு வருடம் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தவள். "ஆர்டர் கம்மி, ஆள் ஜாஸ்தி" என்று காரணம் சொல்லப்பட்டது. நானூறு பேரில் ஜாஸ்தியாக இருந்தது அவள் ஒருத்திதான் என்பதைக் கம்பெனி வெகு துல்லியமாகக் கணக்கிட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு மெர்சி கூட்டத்துக்கே வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை, கையைச் சொறிந்தபடி.

"பேர் வெளிய தெரியாதுன்னு போட்டிருந்துச்சு சார். அத்தப் படிச்சிட்டுதான் எழுதினேன். யாரு சார் பார்த்தது? நாளைக்கு நான் எங்க போய் வேலை கேப்பேன்?"

குழந்தையின் கையைப் பார்த்ததும் பரந்தாமன் பார்வையைக் குறிப்பேட்டுக்குத் திருப்பினார். அதை மறைக்க எழுந்து நின்று முழங்கினார். "இங்க ஒளிவுமறைவே கிடையாதும்மா! கௌதம், யார் பார்த்தாங்கன்னு எல்லாருக்கும் காட்டு."

கௌதம் லேப்டாப்பைத் திருப்பினான். மெர்சியின் விவரம் திறக்கப்பட்ட நேரம் மாலை ஆறு பத்து. திறந்தவர்: 'செயலாளர் பரந்தாமன்'.

"ஐயையோ! ஆறு பத்துக்கு நான் கோயில்ல இருந்தேன்!"

"இருந்திருப்பீங்க சார். உங்க பாஸ்வேர்டு ஊர்ல இருந்துச்சு."

முத்துக்குமார் சுவரில் மாட்டியிருந்த அணில் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பரந்தாமனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முத்துக்குமாரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். வாயைத் திறந்தும்விட்டார்.

"பரந்தாமன் சார்" என்றார் முத்துக்குமார் மெதுவாக. "உங்க பேர் போட்ட இந்தப் பதிவு தளத்துல ஏறினா உலகமே பார்க்கும். பெங்களூர்ல இருக்கிற உங்க பையனும் பார்ப்பான். பாதுகாப்பு கருதி மூடிடலாமா? உங்க கௌரவத்துக்காகத்தான் சொல்றேன்."

பரந்தாமன் வாயை மூடிக்கொண்டார். பதிவும் மூடப்பட்டது. தீர்மானம் நிறைவேற இரண்டே நிமிடம்தான் ஆனது. நயீம் அகமது கை தூக்கவில்லை. அது குறிப்பில் ஏறவில்லை.

மெர்சி குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "உங்க பேருன்னதும் மூடத் தெரியுது இல்ல சார்?" என்றாள். "என் பேரையும் அப்டி மூடி வெச்சிருந்தா இன்னா கெட்டுப்போய்ட்டிருக்கும்?"

அவள் போன பிறகு பரந்தாமன் பேனாவைத் திறந்து, மணிமணியான கையெழுத்தில், அன்றைய குறிப்பின் கடைசி வரியை எழுதினார்:

'பெண்மணி ஒருவர் சில கருத்துகளைத் தெரிவித்தார். அவரது பாதுகாப்பு கருதி, பெயர் வெளியிடப்படவில்லை.'