வெல்டர் வாங்கிய முன்வரிசை

வெல்டரின் விரலை ஃபோன் மதிக்கவில்லை. வருடக்கணக்காகத் தீப்பொறி பட்டுக் காய்த்துப்போன விரல் அது. திரையில் வைத்து அழுத்தினான். அசையவில்லை. துணியில் துடைத்துவிட்டு அழுத்தினான். அப்புறம் எரிச்சலில் நாலைந்து தடவை குத்தினான்.

"மாமா, அது கதவு இல்ல, இடிச்சாத் திறக்கறதுக்கு," என்றான் செல்போன் கடையில் வேலை பார்க்கும் மச்சினன்.

அதற்குள் கச்சேரி டிக்கெட் விழுந்துவிட்டது. இரண்டு. நின்றுகொண்டே பார்க்கும் பகுதி.

"உங்க அக்காவால நிக்க முடியாதுடா. தலை சுத்தும்."

"அதை உங்க விரல்கிட்ட சொல்லுங்க."

வெல்டரின் மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன். குரல் என்ன ஆகும் என்று கேட்டபோது, "உயிர் முக்கியமா, குரல் முக்கியமா?" என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். அவள் வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கூட்டத்தோட சேர்ந்து பாடணும்."

கல்யாணமான புதிதில் இதே பாடகரின் கச்சேரிக்கு இருவரும் போயிருந்தார்கள். வெறும் மைதானம். தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். வெல்டரின் ஒருநாள் கூலியிலேயே டிக்கெட்டும் பஸ்ஸும் அடங்கிவிட்டன. முன்பின் தெரியாத பெண்கள் அவள் தோளில் கைபோட்டுப் பாடினார்கள். திரும்பும்போது இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. பாடகருக்கே அவ்வளவு கட்டியிருக்காது.

மச்சினன் அந்த நிற்கும் டிக்கெட்டுகளை வாங்கிய ஆப்பிலேயே திருப்பி விற்றான். பாதி விலைதான் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அதே டிக்கெட்டுகள் அங்கேயே இரட்டை விலைக்குத் தொங்கின.

"இது பகல் கொள்ளை இல்லையாடா?"

"இல்ல மாமா. இதுக்குப் பேரு டிமாண்டு."

அடுத்து, உட்காரும் இடத்தில் இரண்டு சீட். பணம் கட்டும்போது கூடவே ஒரு தொகை ஏறியது.

"வசதிக் கட்டணமா? யாருக்குடா வசதி?"

"அவங்களுக்குத்தான்."

கட்டி முடித்த பிறகுதான் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததை மச்சினன் வாசித்தான். சீட்டுக்கு முன்னால் தூண். மேடை தெரியாது. தூண் நன்றாகத் தெரியும்.

வெல்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். ஆப் சும்மா இருக்கவில்லை. தூணுக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை என்று டிங்கென்று ஒலித்தது: இரண்டு சீட்டையும் கொடுத்து, மேல்பணமும் கட்டினால் முன்வரிசை. ஒரே ஒரு சீட். தூண் வைத்தவனே சலுகையும் வைக்கிறான்.

"வேண்டாம் மாமா. டிவியில போடுவான், பார்த்துக்கலாம்."

"டிவி கூடவாடா அவ பாடுவா?"

பட்டறையில் இருந்த இரண்டாவது வெல்டிங் மெஷினை விற்றான். புது மெஷின் விலையில் ஒரு நாற்காலி கிடைத்தது. அதுவும் ஒரு சாயங்காலத்துக்கு மட்டும்.

"அப்ப நீங்க?" என்றான் மச்சினன்.

"அவகிட்ட எனக்கு சீட்டு பின்னாடின்னு சொல்லு. சுவருக்குப் பின்னாடின்னு சொல்லாத."

கச்சேரி வாசலில் மனைவியின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே அதே தண்ணீர், அதே பாட்டில், வேறு விலை. பை உள்ளிருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடியாக இருக்க வேண்டுமாம்; அவள் பையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டில் அவர்கள் கொடுத்த நுழைவுப் பட்டையை ஒட்டிக்கொண்டு, பரிசோதனைக்குப் போகிறவள் போல உள்ளே போனாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எந்த வாசல்?"

"நீ போ. நான் அந்தப் பக்கமா வர்றேன்."

வண்டி நிறுத்தும் இடத்தில், ஜெனரேட்டர் புகைக்கு நடுவில் நின்றான் வெல்டர். சுற்றுச்சுவருக்கு மேலே பெரிய திரையின் பாதி தெரிந்தது. பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே எல்லாக் கையும் ஃபோனைத் தூக்கின. காசு கொடுத்து உள்ளே போனவர்களும் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகையில் அவனுக்கு நஷ்டமில்லை.

அவளுக்குப் பிடித்த பாட்டு வந்தது. கேமரா முன்வரிசைக்குத் திரும்பியது. திரையில் மனைவி.

கண்ணை மூடியிருந்தாள். ஒரு கை கழுத்துக் கட்டியின் மேல் இருந்தது. வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் நல்ல உடுப்பில் இளவட்டங்கள், எல்லார் வாயும் அவளோடு சேர்ந்து அசைந்தது. பக்கத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் ஆயிரம் குரல் சேர்ந்து வந்தது. அதில் எது அவள் குரல் என்று வெல்டர் தேடினான். பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாததுதானே அவள் கேட்டது என்று நினைத்தபோது, மெஷின் போன வயிற்றெரிச்சல் அடங்கியது.

முடிந்ததும் மனைவி வந்தாள், பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு. குரல் கரகரத்திருந்தது.

"கேட்டுச்சாங்க?"

"கேட்டுச்சு."

"வரிசை பூரா என்கூடப் பாடுச்சு. யார் பெத்த பிள்ளைங்களோ. ஒருத்தர்கூட பாடாம விடல." மூச்சு வாங்கினாள். "இனிமே குரல் இருந்தாலும் சரி, போனாலும் சரி. பாடிட்டேன்."

வெல்டர் அவளை ஆட்டோவில் உட்காரவைத்தான். அந்தப் பெண் போகாமல் தயங்கி நின்றாள்.

"ரொம்ப நன்றிம்மா. நீங்கள்லாம் பாடலைன்னா அவ வாயே திறந்திருக்க மாட்டா."

அந்தப் பெண் ஆட்டோவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்கண்ணா, அந்த வரிசை விலைக்குப் போகலன்னு கேமராவுக்காக எங்களக் கூலிக்கு உக்கார வச்சிருந்தாங்க, கூட்டம் பாடற சத்தம் ஸ்பீக்கர்ல வரும், நீங்க வாய மட்டும் அசைங்கன்னாங்க, அங்க நிஜமாப் பாடுனது அக்கா ஒருத்தங்கதான்."