எபனேசர் வீட்டுப் பொதுக்குழு

போடி பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் எபனேசர், சேவைச் சங்கத்தின் மண்டல மாநாட்டுக்கு மதுரை போய் வந்ததிலிருந்து தரையில் நிற்கவில்லை. இரண்டு நாளில் பதினாறு பேர் மேடையில் பேசினார்கள். பதினைந்து பேச்சில் அவர் தூங்கினார். பதினாறாவதில் பிரியாணி வாசனைக்குக் கண் விழித்தபோது ஒரே ஒரு வரி காதில் விழுந்தது. நல்ல தலைவன் வேலையைச் செய்ய மாட்டான், பிரித்துக் கொடுப்பான்.

ஆகா, இதற்காகவே நூறு மாநாட்டுக்குப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, நாலு மணி வரை தூங்குவது அவருடைய பிறப்புரிமை. மூன்று மாதமாக அதில் மண் விழுந்து கிடந்தது. மாடித் தொட்டியைக் கழுவுங்கள், பரணை ஒதுக்குங்கள் என்று மனைவி சாராள் வாராவாரம் எதையாவது கண்டுபிடித்துவிடுகிறாள்.

அந்த ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் மாநாட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டம்ளரைக் கரண்டியால் தட்டி, வீட்டுப் பொதுக்குழு கூடிவிட்டதாக அறிவித்தார். கல்லூரியில் படிக்கும் மகள் பிரின்சி செல்போனைக் கீழே வைத்தாள். சாராள் சண்டைக்கு வருவாள் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தார். அவளோ ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து பவ்யமாக உட்கார்ந்தாள். மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

தொட்டியை வாரம் தவறாமல் கழுவ வேண்டும் என்றது முதல் தீர்மானம். பரண், ஜன்னல் கம்பி, மின்விசிறி என்று அடுக்கிக்கொண்டே போனார். செய்யப்போவது வேறு யாரோ என்றால் தீர்மானத்துக்கு என்ன பஞ்சம்? ஒவ்வொன்றையும் பிரின்சி வழிமொழிந்தாள். சாராள் கைதட்டினாள். கட்டிய மனைவி கைதட்டிப் பார்ப்பது இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் முறை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, இனி வேலையப் பிரிச்சிருவமா?" என்று பேனாவைத் திறந்தார்.

"பிரிக்க என்னங்க இருக்கு?" என்றாள் சாராள். "உங்க சங்கத்துல யோசனை சொன்னவுகதான அந்த வேலைக்குச் சேர்மன்?"

"அது அங்கன உள்ள பழக்கம்."

"கண் முகாம் வைக்கலாம்னு நீங்கதான வாயத் தொறந்தீக? ஒத்த ஆளா மூணு நாளு நாற்காலி தூக்கிட்டு வந்து, முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னீக. தேய்ச்சது நாந்தான்."

சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. எபனேசருக்கும் அது தெரியும். வீட்டுக் கூட்டம்தானே என்று அசந்துவிட்டார்.

தொட்டி, பரண், ஜன்னல், மின்விசிறி நான்குக்கும் அப்பாவே சேர்மன் என்று பிரின்சி நோட்டில் எழுதி முடித்தாள். எபனேசர் கழுத்து அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எல்லாப் பதவிகளையும் ராஜினாமா செய்வதாக ஈனக்குரலில் சொன்னார்.

"அதுக்கும் ஒரு முறை இருக்குல்ல," என்றாள் சாராள். "ஓட்டுக்கு விடுவோம். ராஜினாமாவ ஏத்துக்கிட வேணாம்ங்கிறவுக கை தூக்குங்க."

இரண்டு கைகள் உயர்ந்தன. அதில் ஒரு கையில் தொட்டி கழுவும் பிரஷ் இருந்தது.